எழுதிக் கொடுத்த மண்

பூகோளப் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்குச் சிறு வயதிலிருந்தே ஒரு பைத்தியம் உண்டு. சரித்திரப் புத்தகம் பொய் சொல்லலாம், பூகோளப் படம் சொல்லாது என்று ஒரு நம்பிக்கை. ஐக்கிய அமெரிக்காவின் படத்தை விரித்துப் பார்த்தால் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிடும். ஆறு வளைந்தால் எல்லையும் வளைய வேண்டும், மலை திரும்பினால் எல்லையும் திரும்ப வேண்டும் என்பது நமக்குத் தெரிந்த நியாயம். அங்கேயோ மேற்கே போகப் போக ராஜ்யங்களின் எல்லைகள் அடிக்கோலை வைத்துக் கிழித்த மாதிரி நேராக ஓடுகின்றன. மண்ணைப் பார்த்து வகுத்த எல்லைகள் அல்ல அவை. காகிதத்தைப் பார்த்து வகுத்தவை.

அந்தக் கோடுகளுக்கு நடுவே, டெக்ஸாஸின் தலைமேல், ஓக்லஹோமா என்று ஒரு ராஜ்யம் உட்கார்ந்திருக்கிறது. நீளக் கைப்பிடி போட்ட வாணலி மாதிரி உருவம். தெற்கு விளிம்பு மட்டும் செவ்வாற்றின் போக்கில் கோணல்மாணலாகப் போகிறது. மேற்கே நீண்டிருக்கும் கைப்பிடிக்கு அகலம் சுமார் 34 மைல், நீளம் 160 மைலுக்கு மேல். இதற்கு எதற்கு ஒரு கைப்பிடி என்று தேடிப் போனேன். 1820-ல் செய்துகொண்ட ஒரு சமரசத்தின்படி 36 பாகை 30 கலை என்ற அட்சரேகைக்கு வடக்கே அடிமை வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஏற்பாடு. 1845-ல் ஐக்கிய அமெரிக்காவில் சேர்ந்த டெக்ஸாஸுக்கு அடிமைகளை விட மனமில்லை. அதனால் 1850-ல் அந்த ரேகைக்கு வடக்கே இருந்த தன் நிலத்தையே விட்டுக்கொடுத்துவிட்டது. 1854-ல் கான்ஸாஸின் எல்லையை 37-வது பாகையோடு நிறுத்தினார்கள். நடுவே அரைப் பாகை அகலத்துக்கு ஒரு துண்டு நிலம் அநாதையாக நின்றது. 1890 வரை அங்கே கோர்ட்டு கிடையாது, பட்டா கிடையாது. ஆளில்லாப் பூமி என்றே அதை அழைத்தார்கள். மனிதனை மனிதன் விலைக்கு வாங்கலாமா என்ற தகராறில் மிச்சம் விழுந்த துண்டுதான் அந்தக் கைப்பிடி.

கைப்பிடிக்கே இப்படி ஒரு கதை இருந்தால் வாணலிக்கு என்ன கதை இருக்கும்?

ஓக்லஹோமா என்ற பெயரை நான் முதலில் தெரிந்துகொண்டது ஜான் ஸ்டீன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலில். 1939-ல் வெளியான புத்தகம். மழை பொய்த்து, கடன் முற்றி, பாங்கி வந்து நிலத்தைப் பறித்துக்கொள்ள, ஒரு குடும்பம் ஓட்டை லாரியில் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு கலிபோர்னியாவுக்குப் போகிறது. படித்துவிட்டு இரண்டு நாள் வேறு எதிலும் மனம் போகவில்லை. ஆனால் அதில் ஓர் இடம் முள்ளாகத் தைத்தது. நிலத்தை இழக்கும் குடியானவர்கள் தங்கள் பாத்தியதையைச் சொல்லி வாதாடுகிறார்கள். எங்கள் பாட்டன் இந்தியர்களைக் கொன்று விரட்டிவிட்டுப் பிடித்த நிலமாயிற்றே இது என்கிறார்கள். ஆசிரியர் அதைச் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார். என்னால் போக முடியவில்லை. விரட்டப்பட்டவர்கள் யார்? அவர்கள் எந்த லாரியில் ஏறினார்கள்?

முதலில் நிலத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய 70,000 சதுர மைல் பரப்பு. கிழக்கே ஓஸார்க், வாச்சிட்டா மலைகள், பைன் காடுகள், ஏராளமான ஓடைகள். தென்கிழக்கு மூலையில் வருஷத்துக்கு 50 அங்குலம் மழை கொட்டும். மேற்கே நகர நகர மரம் குட்டையாகி, பிறகு இல்லாமலே போய், கண்ணுக்கெட்டிய தூரம் புல்லாகிவிடும். கைப்பிடியின் கோடியில் 20 அங்குலம் மழை கூடக் கிடையாது. நடுப்பகுதியில் மண் செக்கச்செவேலென்று இருக்கும். வசந்த காலத்தில் தெற்கேயிருந்து வரும் ஈரக்காற்றும் மேற்கேயிருந்து வரும் வறண்ட காற்றும் அந்தச் சமவெளியில் மோதிக்கொள்ளும்போது சுழற்காற்று கிளம்பும். 1999-லும் 2013-லும் மூர் என்ற ஊரில் அது தெருத் தெருவாக வீடுகளைத் துடைத்துக்கொண்டு போயிற்று. ஆக, அது யாரும் பொறாமைப்படக்கூடிய பூமி அல்ல. அதனால்தான் அதைத் தானமாகக் கொடுத்தார்கள்.

செவ்விந்தியர் என்று நாம் எழுதிப் பழகிவிட்ட ஆதிக்குடிகளில் ஐந்து பெரிய ஜாதியார் அமெரிக்காவின் தென்கிழக்கில் வாழ்ந்தார்கள்: செரோக்கி, சாக்டா, சிக்கசா, கிரீக், செமினோல். காட்டில் அலைந்தவர்கள் அல்ல. வயல், வீடு, தோட்டம் என்று வாழ்ந்தவர்கள். வெள்ளைக்காரப் பண்ணையார்களைப் பார்த்து நீக்ரோ அடிமைகளை வைத்துக்கொண்டவர்களும் அவர்களில் உண்டு. செரோக்கிகளில் ஸெக்கோயா என்று ஒருவர். ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரியாதவர். காகிதத்தில் கீறிய கோடுகள் பேசுகின்றன என்பதைக் கண்டு, நம் பாஷைக்கும் அப்படிச் செய்யலாமே என்று பல வருஷம் உட்கார்ந்து யோசித்து, 1821-ல் ஒரு லிபியை முடித்தார். நம் உயிர்மெய்யைப் போல அசைக்கு ஓர் எழுத்து, சுமார் 85 எழுத்துக்கள். சில வருஷங்களில் அவருடைய ஜனங்கள் ஆயிரக்கணக்கில் எழுத்தறிந்தவர்களாகிவிட்டார்கள். 1828-ல் அந்த லிபியில் பத்திரிகையே வந்தது. உலகத்தில் ஒரு தனி மனிதன் இப்படிச் செய்து முடித்ததற்கு அதிக உதாரணங்கள் இல்லை.

ஆனால் அவர்கள் இருந்த மண் பருத்திக்கு ஏற்ற மண். ஜார்ஜியாவில் தங்கமும் கிடைத்தது. ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்ஸன் 1830-ல் குடிபெயர்ப்புச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதற்கு முந்தின வருஷம் கிரீக் ஜனங்களுக்கு அவர் ஒரு செய்தி அனுப்பினார். மிஸிஸிப்பி ஆற்றுக்கு அப்பால் போய்விடுங்கள், புல் முளைக்கிற வரைக்கும், நீர் ஓடுகிற வரைக்கும் அந்த நிலம் உங்களுடையது என்று. நம் கோயில் கல்வெட்டுகளில் தானம் கொடுக்கிற ராஜா 'சந்திராதித்தவரை' என்று வெட்டி வைப்பானே, அந்த மாதிரி.

செரோக்கிகள் போக மறுத்தார்கள். சுப்ரீம் கோர்ட்டு 1832-ல் அவர்களுக்கு அனுகூலமாகவே தீர்ப்புச் சொல்லிற்று. தீர்ப்பு காகிதத்தில் இருந்தது. 1835-ல் ஒரு சிறு கோஷ்டியைப் பிடித்து உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கினார்கள். பிரதம தலைவர் ஜான் ராஸும் பெரும்பாலான ஜனங்களும் இது செல்லாது என்று மனுப் போட்டார்கள். செனட் சபையில் ஒரே ஒரு வோட்டு வித்தியாசத்தில் உடன்படிக்கை தேறிவிட்டது. 1838-ல் பட்டாளம் வந்தது. சுமார் 16,000 பேரை முகாம்களில் அடைத்து, பிறகு மேற்கே ஓட்டினார்கள். நூற்றுக்கணக்கான மைல், நடுக் குளிர்காலம். முகாமிலும் வழியிலும் இறந்தவர்கள் ஏறக்குறைய 4,000 பேர் என்று கணக்கு. கண்ணீர்த் தடம் என்று பெயர் வந்தது அதனால்தான். என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அவர்களுக்கு லாரி இல்லை. அவர்களுடைய அடிமைகளும் கூடவே நடந்தார்கள்; அவர்கள் கண்ணீரை யாரும் தனியாகக் கணக்கெடுக்கவில்லை.

இவர்களுக்கு முன்பே 1831-ல் நடக்கத் தொடங்கியவர்கள் சாக்டாக்கள். அவர்களும் ஆயிரக்கணக்கில் வழியில் செத்தார்கள். வந்து சேர்ந்து பதினைந்து வருஷம் போல் ஆயிற்று. 1847-ல், கடலுக்கு அப்பால் அயர்லாந்து என்ற தேசத்தில் உருளைக்கிழங்கு அழுகி ஜனங்கள் பட்டினியால் மடிகிறார்கள் என்று செய்தி வந்தது. அந்த அகதிகள் கூட்டம் கூட்டி, 170 டாலர் வசூல் செய்து அனுப்பினார்கள். பட்டினிக்குப் பட்டினிதான் விலாசம் தெரியும் போலிருக்கிறது. அயர்லாந்து இதை மறக்கவில்லை. கார்க் ஜில்லாவில் மிடில்டன் என்ற ஊரில் எஃகினால் ஒன்பது பெரிய கழுகிறகுகளைச் செய்து, நடுவில் ஒரு வெறும் கிண்ணத்தைப் போல வளைத்து நிறுத்தியிருக்கிறார்கள். 2017-ல் சாக்டாக்களை அழைத்து அர்ப்பணம் செய்தார்கள்.

வந்த இடத்தில் ஐந்து ஜாதியாரும் மறுபடி ஊர் கட்டினார்கள். பள்ளிக்கூடம், நியாயஸ்தலம், சட்டசபை எல்லாம் வைத்துக்கொண்டார்கள். உள்நாட்டு யுத்தம் வந்தபோது தெற்கத்தியாரோடு உடன்படிக்கை செய்துகொண்டார்கள். ஆனால் அவர்களில் பலர் வடக்கின் பக்கம் நின்று சண்டை போட்டதும் உண்டு. யுத்தம் முடிந்ததும் வென்றவர்கள் அந்த வித்தியாசத்தைப் பார்க்கவில்லை. 1866-ல் புதிய உடன்படிக்கை எழுதச் சொன்னார்கள். அடிமைகளை விடுதலை செய்ய வேண்டும் என்றார்கள்; அது நியாயம். மேற்குப் பாதி நிலத்தையும் விட வேண்டும் என்றார்கள். அந்தப் பேச்சுவார்த்தையில்தான் சாக்டா தலைவர் ஆலன் ரைட், இந்தப் பிரதேசத்துக்கு 'ஓக்லஹோமா' என்று பெயர் சொன்னார். அவர்கள் பாஷையில் 'ஓக்லா' என்றால் ஜனங்கள், 'ஹும்மா' என்றால் சிவப்பு. சிவந்த ஜனங்களின் நாடு. பெயர் மட்டும் கடைசிவரை அவர்களுடையதாகவே நின்றுவிட்டது.

விட்ட நிலத்தில் நடுவே சுமார் 20 லட்சம் ஏக்கர் யாருக்கும் ஒதுக்காமல் கிடந்தது. கிரீக், செமினோல்களுக்கு மிச்சமிருந்த பாத்தியதையைப் பணம் கொடுத்துத் தீர்த்துவிட்டு, அமெரிக்க சர்க்கார் அதை வெள்ளைக் குடியானவர்களுக்குத் திறந்துவிட்டது. 1889-ம் வருஷம் ஏப்ரல் 22, நடுப்பகல் 12 மணி. எல்லைக்கோட்டில் சுமார் 50,000 பேர், குதிரையிலும் வண்டியிலும் ரயிலிலும் காத்திருந்தார்கள். ஊதுகொம்பு ஊதியது, துப்பாக்கி வெடித்தது, ஓடினார்கள். முதலில் போய் முளை அடித்தவனுக்கு 160 ஏக்கர். காலையில் வெறும் புல்லாகக் கிடந்த கத்ரியிலும் ஓக்லஹோமா நகரிலும் இருட்டுவதற்குள் பத்தாயிரம் பேர் வீதம் கூடாரம் போட்டுவிட்டார்கள். நேரத்துக்கு முன்பே திருட்டுத்தனமாக உள்ளே புகுந்து, புதரில் பதுங்கி நல்ல நிலத்தைப் பிடித்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். 'ஸூனர்', அதாவது முந்திக்கொண்டவன் என்று அவர்களுக்குப் பெயர். முதலில் அது வசவு. இப்போது ராஜ்யத்துக்கே செல்லப்பெயர். சர்வகலாசாலையின் கால்பந்துக் கட்சிக்கும் அதே பெயர்தான். வசவு பட்டமாவதற்குச் சில வருஷங்கள் போதும்.

மிச்சமிருந்தது கிழக்குப் பாதி. அதை ஓடிப் பிடிக்க முடியாது. உடன்படிக்கை இருக்கிறதே! அதற்கு வேறு உபாயம் செய்தார்கள். அந்த ஜனங்களிடம் நிலம் ஜாதிக்குப் பொது. உழுதவன் அனுபவிக்கலாம், விற்க முடியாது. பொது நிலத்தை அபகரிப்பது கஷ்டம். தனித்தனிப் பட்டாவாக்கிவிட்டால் சுலபம். 1893-ல் டாஸ் கமிஷன் வந்தது. ஒவ்வொரு ஜாதியிலும் ஜனங்களைப் பேர்பேராகப் பதிந்து, நிலத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்தார்கள். 1898-ல் ஒரு சட்டம் போட்டு அவர்களுடைய நியாயஸ்தலங்களை மூடினார்கள். பட்டா கைக்கு வந்த பிறகு என்ன நடக்கும் என்பது கிராமத்தில் பிறந்த நம்மில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவனிடம் ரேகை வாங்கினார்கள். அநாதைக் குழந்தைகளுக்குக் கார்டியன் என்று நியமனம் பெற்று, குழந்தையின் நிலத்தைத் தின்றார்கள்.

இதையெல்லாம் வெளியில் கொண்டுவந்தவர் ஏஞ்சி டெபோ என்ற அம்மையார். 1899-ல் குழந்தையாக வண்டியில் வந்து சேர்ந்த வெள்ளைக்காரக் குடியானவரின் மகள். பழைய தஸ்தாவேஜுகளைக் குடைந்து, யார் யார் நிலத்தை எப்படி எடுத்தார்கள் என்று பேரோடு எழுதினார். அந்தப் பேர்களுக்குரியவர்கள் அப்போது பெரிய மனிதர்களாக உயிரோடு இருந்தார்கள். உள்ளூர்ச் சர்வகலாசாலைப் பதிப்பகம் பயந்து கைவிட்டது. 1940-ல் வேறு ராஜ்யத்திலிருந்து, பிரின்ஸ்டனிலிருந்து புத்தகம் வெளிவந்தது. 'இன்னும் நீர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது' என்ற பொருளில் அதற்குத் தலைப்பு வைத்தார். ஜாக்ஸனுடைய செய்தியை நினைத்துக்கொண்டால் அந்தத் தலைப்பின் கசப்பு தெரியும்.

பட்டா போடுகிற காரியம் நடந்துகொண்டிருந்தபோதே, 1905-ல், ஐந்து ஜாதியாரும் மஸ்கோகி நகரில் கூடினார்கள். கிழக்குப் பாதியைத் தனி ராஜ்யமாக்குங்கள், ஸெக்கோயாவின் பெயரை வைக்கிறோம் என்று அரசியல் சட்டமே எழுதி வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு பாதியையும் ஒன்றாகச் சேர்த்து, 1907-ம் வருஷம் நவம்பர் 16-ம் தேதி 46-வது ராஜ்யமாக்கினார்கள். அன்று கத்ரி நகரில் ஒரு பொம்மைக் கல்யாணம் நடத்தினார்கள். கிழக்குப் பாதிக்காகச் செரோக்கி ரத்தமுள்ள ஓர் அம்மாள் மணப்பெண். மேற்குப் பாதிக்காக ஒரு வெள்ளைக்காரர் மாப்பிள்ளை. ஜனங்கள் கைதட்டினார்கள். பெண்ணின் சம்மதத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. புதிய சட்டசபை போட்ட முதல் சட்டம், ரயிலில் நீக்ரோக்களுக்குத் தனி வண்டி என்பது.

கல்யாணமான கையோடு சீதனம் வெளிப்பட்டது. மண்ணுக்கடியில் எண்ணெய். ஓஸேஜ் என்ற இன்னொரு ஜாதியார் கெட்டிக்காரர்கள். 1872-ல் தங்கள் இடத்தைச் செரோக்கிகளிடமிருந்து காசு கொடுத்தே வாங்கியவர்கள். 1906-ல் நிலத்தைப் பிரித்தபோது, மேலே உள்ள மண்ணைப் பிரியுங்கள், கீழே உள்ளது எல்லாருக்கும் பொது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். 2,229 பங்கு. எண்ணெய் பீறிட்டதும் ஒவ்வொரு பங்குதாரனும் சீமானானான். அந்தப் பங்கை விற்க முடியாது, வாரிசுக்குத்தான் போகும். ஆகவே வாரிசாக வந்தார்கள். கல்யாணம் செய்துகொண்டு, விஷம் வைத்தும், சுட்டும், வீட்டுக்கு வெடி வைத்தும் கொன்றார்கள். வில்லியம் ஹேல் என்ற பிரமுகர் 1929-ல் ஆயுள் தண்டனை பெற்றார். 1947-ல் வெளியே விட்டுவிட்டார்கள். அந்தப் பயங்கர நாட்களில், 1925-ல், ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஓஸேஜ் ஊரில் பிறந்த ஒரு பெண் குழந்தைதான் பின்னால் நியூயார்க்கில் பாலே நாட்டியத்தின் முதல் நாயகியாக விளங்கிய மரியா டால்சீஃப்.

எண்ணெயால் கொழுத்த டல்ஸா நகரத்தில் க்ரீன்வுட் என்று ஒரு பேட்டை. கறுப்பு மனிதர்கள் தங்கள் உழைப்பினால் கடை, ஹோட்டல், கொட்டகை, ஆஸ்பத்திரி எல்லாம் கட்டிக்கொண்டு கண்ணியமாக வாழ்ந்த இடம். 1921-ம் வருஷம் மே 31-ம் தேதி, ஒரு வாலிபன்மேல் சுமத்திய குற்றத்தைச் சாக்காக வைத்து வெள்ளைக் கும்பல் திரண்டது. மறுநாள் மத்தியானத்துக்குள் 35 தெருப்பகுதிகள் சாம்பலாயின. அப்போது சொன்ன கணக்கு 36 சாவு. சரித்திர ஆசிரியர்கள் 300 வரைக்கும் இருக்கும் என்கிறார்கள். கலகத்தால் வந்த நஷ்டத்துக்குப் பொறுப்பில்லை என்று பாலிஸியில் இருக்கிறது என்று சொல்லி இன்ஷ்யூரன்ஸ்காரர்கள் கையை விரித்தார்கள். கும்பலைக் கிளப்பிவிட்டதாகச் சொல்லப்படும் ஊர்ப் பத்திரிகைச் செய்தியைத் தேடிப் போனவர்களுக்கு, பாதுகாத்து வைத்த பிரதியில் அந்த இடம் கிழிக்கப்பட்டிருந்ததுதான் கிடைத்தது. பள்ளிக்கூடப் பாடத்தில் அது வருவதற்குப் பல தலைமுறை ஆயிற்று.

இதற்குப் பிறகுதான் ஸ்டீன்பெக்கின் காலம் வருகிறது. முதல் மகாயுத்தத்தில் கோதுமை விலை ஏறியபோது மேற்கே புல்வெளியைக் கண்மூடித்தனமாக உழுதார்கள். மண்ணைப் பிடித்துவைத்திருந்த புல் போயிற்று. 1930-களில் மழையும் போயிற்று. 1935-ம் வருஷம் ஏப்ரல் 14-ம் தேதி கைப்பிடிப் பிரதேசத்தில் பகல் இரவாயிற்று. மலைபோலப் புழுதி எழுந்து வந்தது. பாட்டன் ஓடிப் பிடித்த மண் பேரன் கண்ணெதிரே காற்றோடு போயிற்று. நாவலில் வரும் குடும்பத்தின் ஊர் மட்டும் மேற்கே இல்லை. புழுதிக்கு வெகு தூரத்தில், கிழக்குக் கோடியில் உள்ள ஸாலிஸா. அங்கே அவர்களைத் துரத்தியது பருத்தி விலையும் குத்தகையும் கடனும். ஸாலிஸாவுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் தூரத்தில்தான் ஸெக்கோயா 1829-ல் தன் கையால் கட்டிய மரக்குடில் இன்றும் இருக்கிறது. இதைப் படத்தில் கண்டபோது நாவலை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அந்த வட்டாரத்தில் பாட்டன்மார் துப்பாக்கியால் விரட்டிப் பிடிக்கவில்லை. காகிதத்தால் பிடித்தார்கள். பேரன்மாரையும் காகிதமே துரத்தியது.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். 2020-ம் வருஷம் ஜூலை 9-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொல்லிற்று. வழக்குப் போட்டவன் கொடிய குற்றத்துக்காகச் சிறையில் இருந்த ஒரு செமினோல் கைதி, அனுதாபத்துக்குரியவன் அல்ல. ஆனால் அவன் கேட்ட கேள்வி பெரியது. குற்றம் நடந்த இடம் 1833 உடன்படிக்கையில் கிரீக் ஜனங்களுக்கு எல்லை வகுத்துக் கொடுத்த பூமி, அங்கே என்னை விசாரிக்க ஓக்லஹோமா ராஜ்யத்துக்கு அதிகாரம் ஏது என்றான். ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் அவன் பக்கம். நிலத்தைத் துண்டு போட்டீர்கள், கோர்ட்டை மூடினீர்கள், ராஜ்யம் அமைத்தீர்கள், எல்லாம் சரி. ஆனால் அந்த ஒதுக்கீட்டை ரத்து செய்கிறோம் என்று காங்கிரஸ் எந்த இடத்தில் எழுதியது என்று நீதிபதி கோர்ஸச் கேட்டார். தேடிப் பார்த்தார்கள். எழுதவில்லை. நூறு வருஷமாக மீறினார்களே தவிர, மீறுகிறோம் என்று எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. அதன் தொடர்ச்சியாக மற்ற நான்கு ஜாதியாரின் எல்லையும் உயிரோடு இருப்பதாக ஆயிற்று. டல்ஸா நகரம் உள்பட ஏறக்குறைய கிழக்குப் பாதி முழுவதும்.

இதனால் யாருடைய வீடும் வயலும் கைமாறவில்லை. 2022-ல் அதே கோர்ட்டு வேறொரு வழக்கில் ராஜ்யத்துக்குக் கொஞ்சம் அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தும்விட்டது. வழக்குகள் இனியும் நடக்கும். ஆகவே தர்மம் வென்றது என்று எழுதி முடிக்க எனக்குத் துணிவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். வலுத்தவன் இளைத்தவனிடம் பறிக்கும்போதுகூட ஏதாவது ஒரு காகிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பறிக்கிறான். அந்த நேரத்துக்கு அவனுக்கு அது ஒரு சால்ஜாப்பு. வாங்கிக்கொண்டவனோ அதைப் பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொள்கிறான்.

படத்தில் கோடுகள் அப்படியேதான் இருக்கின்றன. வாணலியும் கைப்பிடியும் மாறவில்லை. ஆனால் செரோக்கிகளின் தலைநகரான டாலகுவாவில் தெருப் பெயர்ப் பலகைகளில் ஆங்கிலத்தோடு இன்னொரு லிபியும் எழுதியிருக்கிறது. நடந்து வந்தவர்கள் மூட்டையில் கட்டிக்கொண்டு வராமல் மனத்தில் கொண்டுவந்த எழுத்து அது. அந்த ஒரு சொத்துக்கு மட்டும் யாரிடமும் அவர்கள் பட்டா வாங்க வேண்டியிருக்கவில்லை.